வண்டிக் கூரையில் மகாராணி

“மாணவியின் தந்தை ஒச்சப்பன், தமிழ்நாட்டிலிருந்து இடம்பெயர்ந்த தொழிலாளி. கல்வியின் முக்கியத்துவம் குறித்த விழிப்புணர்வு இல்லாதவர். பள்ளியுடன் தொடர்பு வைத்துக்கொள்வதில் ஆர்வம் காட்டுவதில்லை. மாணவியைத் தம் தொழிலுக்குப் பயன்படுத்துவதாகக் கருத இடமுண்டு.”

மட்டாஞ்சேரியில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளிக்கூடம். அங்கே தொடர்ந்து மட்டம் போடும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்த தன்னார்வக் குழுவினர் மலையாளத்தில் எழுதிக்கொடுத்த அறிக்கையின் நடுப்பகுதி இது. இதில் முதல் வாக்கியம் சரி. மற்றதெல்லாம் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டவை. பள்ளியுடன் தொடர்பே வைத்துக்கொள்ளாத அந்த மனிதர், காலையில் மணியடிக்கும் முன்பே அந்தப் பள்ளிக்கூட வாசலில்தான் தள்ளுவண்டியோடு நின்றுகொண்டிருந்தார். குழுவினர் அவர் வீட்டைத் தேடிப் போகும் வழியில் அவரிடமே நெல்லிக்காய் வாங்கித் தின்றுவிட்டுத்தான் போனார்கள். காரம் கொஞ்சம் தூக்கல் என்றும் சொன்னார்கள்.

ஒச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை என்பதற்காகச் சின்ன வயதில் அவருக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுத்தார்கள். ‘தவறாத வருகைக்காக’ என்று விளிம்பில் பொறித்திருக்கும். அடுத்த வருடமே வீட்டில் படிப்பை நிறுத்தி, எர்ணாகுளத்தில் ஓர் ஓட்டலுக்கு வெங்காயம் உரிக்க அனுப்பிவிட்டார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பாதி நாள் கண்மாயில் கிடந்தவன். அவன் இப்போது தேனிப் பக்கம் வாத்தியாராக இருக்கிறான். கல்வியைப் பற்றி இதிலிருந்து யாரும் எந்த முடிவுக்கும் வரலாம். ஒச்சப்பன் வந்த முடிவு, பிள்ளை தினமும் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்பது.

அந்த டம்ளர் இப்போதும் அவருடைய வண்டியில் இருக்கிறது. மிளகாய்த்தூளும் உப்பும் கலந்து அதில்தான் வைத்திருப்பார். உப்புநீரில் ஊறிய மாங்காய், நெல்லிக்காய், அன்னாசி எல்லாம் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக நிற்கும். உப்பிலிட்டது என்று இந்த ஊரில் பெயர். காலையில் பள்ளிக்கூட வாசல், மத்தியானத்துக்கு மேல் படகு ஜெட்டிப் பக்கம். ஹர்த்தால் அன்றைக்கும் வண்டி வரும். ஊரே கதவடைத்திருக்கும்போது ஒச்சப்பன் மட்டும் காலித் தெருவில் நெல்லிக்காயோடு நிற்பார். யார் வாங்குவார்கள் என்று கேட்டால், “வர்றது நம்ம வேல. வாங்குறது அவங்க வேல” என்பார்.

மனைவி பேச்சி, ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேயில் அறைகள் பெருக்கித் துடைக்கிறாள். ஒரே மகள் செல்வலட்சுமி. வீட்டில் லட்சுமி, பள்ளியில் முழுப்பெயர். மலையாளத்தைக் கடகடவென்று வாசிப்பாள், தமிழை எழுத்துக்கூட்டித்தான். போன ஏப்ரலில், முழுப்பரீட்சை முடிந்த விடுமுறையில், பேச்சி வண்டிக்குப் போன் செய்தாள்.

“இப்ப வீட்டுக்கு வராதீங்க. அண்ணனுக்குச் சொல்லியாச்சு.”

“எதுக்கு அண்ணனுக்கு?”

“எதுக்கா? ஒங்களுக்கு எல்லாத்தையும் வெளக்கமாச் சொல்லணுமாக்கும்.”

ஒச்சப்பனுக்கு விளங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது. அன்று சாயந்திரம்வரை ஜெட்டியிலேயே நின்றார். பிறகும் சில நாட்களுக்கு மகளிடம் பேசவேண்டி வந்தால் கதவு நிலையைப் பார்த்துப் பேசினார். அந்த வீட்டில் அந்த விஷயத்தைக் கணவன் மனைவிகூட முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டதில்லை.

அதற்கும் சேர்த்து மே மாதத்தில் பேச்சியின் அண்ணன் முத்துவேல் வந்து பேசினார். உசிலம்பட்டியில் செல்போன் கடை வைத்திருப்பவர். தாய்மாமன் சீர் என்பது தன் கௌரவத்தைப் பற்றியது, மருமகளைப் பற்றியது இரண்டாம்பட்சம் என்று தெளிவாக அறிந்தவர். வேன் நிறையத் தட்டுகளோடு சுருட்டிய பிளெக்ஸ் ஒன்றையும் கொண்டுவந்தார். முச்சந்தியில் அதைக் கட்டி நிமிர்த்தியபோது எதிரிலிருந்த சாயாக்கடையின் பெயர்ப்பலகை மறைந்துபோனது.

பிளெக்ஸின் நடுவில் செல்வலட்சுமி கிரீடம் வைத்துச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் மயில்கள். பின்னால் எந்த ஊர் என்று சொல்லமுடியாத ஓர் அருவி. கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட முத்துவேல் கைகூப்பி நிற்க, அவருடைய நண்பர்களின் தலைகள் ஒரு வரிசை. பெண்ணைப் பெற்றவர் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில், ‘பூப்புனித நீராட்டு விழா’. வீட்டுக்குள் யாரும் வாயைத் திறந்து சொல்லாத செய்தி தெருவில் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. இதில் யாருக்கும் எந்த முரண்பாடும் தெரியவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது.

தமிழ் வாசிக்கத் தெரியாத அக்கம்பக்கத்து மலையாளிகள், “மோளுக்குப் பிறந்தநாளா?” என்று விசாரித்துவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். அன்றைக்கு செல்வலட்சுமியும் சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்பதை மறைக்கக்கூடாது. பிளெக்ஸுக்குக் கீழே நின்று மாமாவோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். கிரீடம் நிஜமாகவே இருந்திருக்கலாம் என்றுகூடச் சொன்னாள்.

கார்ப்பரேஷன்காரர்கள் வந்து கிழிப்பதற்குமுன் ஒச்சப்பனே பிளெக்ஸை இறக்கிவிட்டார். சட்டத்தை மதிக்கிறவர். ஆனால் இறக்கியதை என்ன செய்வது? உறவுக்காரர் முகம் அச்சடித்த பிளெக்ஸை அவர் ஊர்க்காரர்கள் எறியமாட்டார்கள், கிழிக்கமாட்டார்கள், கால்பட்டுவிடும் என்று தரையில் விரிக்கவும் மாட்டார்கள். ஆகவே அது மேலேதான் போயாக வேண்டும். அவர் குடியிருக்கும் முடுக்கில் மாடியேறிப் பார்த்தால், ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் கல்யாண ஜோடிகளும் காலமானவர்களும் மழையில் நனைந்துகொண்டு படுத்திருப்பார்கள். ஜூன் மாதம் மழை பிடித்தது. வண்டியின் பழைய தார்ப்பாய் கிழிந்தது. மகாராணி வண்டிக்கூரை ஏறினாள்.

படம் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டினார், மழையில் சாயம் போகாதிருக்க. அதனால் மாங்காய் வாங்க வந்து நின்றவர்களுக்கெல்லாம், நிமிர்ந்தால் செல்வலட்சுமி. சாயாக்கடைத் தங்கப்பன் முதல்நாளே கேட்டுவிட்டார்.

“எந்தா ஒச்சப்பா, மோள் எலெக்‌ஷன்ல நிக்கிறாளோ?”

“நின்னா ஒங்க ஓட்டு விழுமா சேட்டா?”

“மயில் சின்னம்னா ஆலோசிக்கலாம்.”

ஒச்சப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பள்ளிக்கூடம்வரை தள்ளிக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் ஒன்பதாம் வகுப்பு செல்வலட்சுமியின் இடம் அடிக்கடி காலியாக இருந்தது. வகுப்பு டீச்சர் மஞ்சுஷா ஒச்சப்பனை வாசலிலேயே பிடித்தார். முப்பது வயதைத் தாண்டியிராத, எல்லாப் பிள்ளைகளின் வீட்டு நிலவரமும் தெரிந்துவைத்திருக்கிற டீச்சர்.

“செல்வலட்சுமியோட அச்சன்தானே? மோள் எந்தா கிளாஸுக்கு வராத்தது?”

“வர்றாளே டீச்சரே. தெனமும் யூனிஃபாரம் போட்டுத்தான கெளம்புறா. யாவாரக் கூட்டத்துல நாந்தான் நிமிந்து பாக்கல.”

“கெளம்புறா. இங்க வந்து எத்துறதில்லை. இப்படியே போனா பத்தாம் கிளாஸுக்கு விட முடியாது. இன்னொரு வருஷம் ஒன்பதுலயே இருக்கணும்.”

ஒச்சப்பன் குறுகிப்போனார். பக்கத்தில் நெல்லிக்காய்க்குக் கைநீட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் முன்னால், தவறாத வருகைக்காகப் பரிசு வாங்கிய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பிள்ளை மட்டம் போடுகிறாள் என்று கேட்டுக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது.

“நான் என்ன செய்யணும் டீச்சரே?”

“அச்சன் கூட வரணும். கையைப் பிடிச்சு ஸ்கூல் கேட்டு வரைக்கும் கொண்டுவிடணும். பிள்ளைகளுக்கு அது ஒரு தைரியம்.”

பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் நல்ல யோசனைதான். மறுநாளிலிருந்து ஒச்சப்பன் மகளோடு பள்ளிக்குப் போனார். கூடவே வண்டியும் போனது. வண்டியின் மேல் மகாராணியும்.

செல்வலட்சுமி எப்போதும் முன்னால், தெருவின் அந்தப் பக்கத்தில், தலையைக் குனிந்து நடந்தாள்.

“ஏ லட்சுமி, மெதுவாப் போத்தா. வண்டி வருதுல்ல.”

“நீங்க பின்னாடி வாங்கப்பா.”

“டீச்சர் கூட வரச் சொல்லியிருக்காங்க.”

“கூடத்தானே வர்றீங்க.”

“மழ பெய்யுது பாரு. இந்தக் கூரைக்குக் கீழ வா, நனையாமப் போலாம்.”

“எனக்கு நனையணும்” என்றாள், நின்றுகூடப் பார்க்காமல்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நனைவதில் ஓர் ஆசை என்று ஒச்சப்பன் எடுத்துக்கொண்டார். வாசலில் வகுப்புப் பிள்ளைகள், “மகாராணி வந்நு! ரதமும் வந்நு!” என்று கூவி வழிவிட்டார்கள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இவ்வளவு மரியாதையா என்று அவர் அன்று பேச்சியிடம் வியந்து சொன்னார். சந்தேகமே இல்லாமல் சொன்னார்.

செல்வலட்சுமி முன்வாசல் வழியாக உள்ளே போய், சமையலறைப் பக்கத்து வாசல் வழியாக வெளியே வந்து, வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த நேரம் வீட்டில் யாரும் இருப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் வியாபாரத்துக்கு வைத்திருந்த மாங்காய்களை எடுத்துச் சீராக வெட்டி வைத்தாள். ஒச்சப்பன் பார்த்துவிட்டு, வேலை முடிந்து வந்த களைப்பிலும் பேச்சி வெட்டியிருக்கிறாளே என்று நெகிழ்ந்தார். பேச்சி பார்த்துவிட்டு, மனிதர் எப்போது இவ்வளவு பொறுப்பானார் என்று ஆச்சரியப்பட்டாள். ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்ளும் பழக்கம் அந்த வீட்டில் இருந்திருந்தால் விஷயம் அன்றே வெளிப்பட்டிருக்கும்.

டீச்சர்தான் மறுபடியும் போன் செய்து சொன்னார். ஒச்சப்பன் நம்பவில்லை. “எங்கையால கொண்டுபோய் விட்டேன் டீச்சரே” என்று சத்தம் போட்டுவிட்டு, அதே சத்தத்தோடு வீட்டுக்குப் போனார். செல்வலட்சுமி யூனிஃபாரத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு கத்தி, முன்னால் மாங்காய்.

“எதுக்குடி ஓடி வந்த? சொல்லு, எதுக்கு?”

“வயித்துவலி.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒச்சப்பன் சட்டென்று திரும்பி வெளியே போய்விட்டார். மேலே கேட்கக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. மறுகேள்வி கேட்கவே முடியாத ஒரு பதில் கையில் கிடைத்துவிட்டது என்று மகளுக்கும் அன்றே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு அடிக்கடி வயிறு வலித்தது.

பேச்சி வேறுவிதமாகக் கண்டுபிடித்தாள்.

“புள்ளைக்குக் கண்ணு பட்ருச்சு. ஊர்ல உள்ளவன் பூராம் மாங்கா திங்கிற சாக்குல எம்புள்ள மொகத்தையே அண்ணாந்து பாக்குறான்.”

“அதுக்கு?”

“படத்தத் திருப்பிப் போடுங்க. யாரு கண்ணுலயும் படாம.”

உண்மைக்கு இவ்வளவு அருகில் வந்துவிட்டு இப்படி விலகிப்போகப் பெற்றவர்களால்தான் முடியும். ஒச்சப்பன் பிளெக்ஸைத் திருப்பி, முகம் வானத்தைப் பார்க்கும்படி கட்டினார். எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார். இனிமேல் பறவைகளைத் தவிர யாரும் பார்க்கமுடியாது என்று நிம்மதியாக இருந்தார். அந்த வாரம் செல்வலட்சுமி பள்ளிக்குப் போவதை அடியோடு நிறுத்திவிட்டாள். இழுத்தால் அழுதாள், அடிக்கக் கை ஓங்கினால் நகராமல் நின்றாள். ஒச்சப்பனுக்கு அடிக்கவும் வரவில்லை.

தன்னார்வக் குழுவினர் நெல்லிக்காய் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனது அப்போதுதான். பூட்டாத வீட்டுக்குள், பள்ளி நேரத்தில், ஒரு சிறுமி கூடை நிறைய மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் வேறு என்ன எழுதியிருக்க முடியும்?

மஞ்சுஷா டீச்சர் ஒச்சப்பனை இந்தமுறை மேலே வகுப்பறைக்கே வரச் சொன்னார். பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். அந்தப் பள்ளியின் வாசலில் அத்தனை காலம் நின்றவர் மாடிப்படி ஏறியது அன்றுதான் முதல்முறை. ஈரக்காலின் தடம் பதிந்துவிடுமோ என்று செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்தார்.

டீச்சர் அறிக்கையை மெதுவாக வாசித்தார். மலையாளம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் கேட்டால் ஒச்சப்பனுக்கு எல்லாம் புரியும். ‘விழிப்புணர்வு இல்லாதவர்’ என்பது புரிந்தது. ‘தொழிலுக்குப் பயன்படுத்துவதாக’ என்பதும் புரிந்தது.

“டீச்சரே, நான் டம்ளர் வாங்குனவன்.”

“எந்தா?”

“டம்ளர். தவறாத வருகைக்குக் குடுத்தது. வண்டியில இருக்கு, இந்தா எடுத்தாந்து காட்டுறேன்.”

வண்டி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க ஜன்னல் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

நேர் கீழே வண்டி நின்றது. கூரை முழுவதும் அவருடைய மகள். கிரீடம், சிம்மாசனம், மயில்கள் எல்லாம் மேலே இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் கூரை தொய்ந்து மழைத்தண்ணீர் குளமாகத் தேங்கியிருந்தது. மகள் தண்ணீருக்கு அடியிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கொட்டை எழுத்துகள் ஒன்று விடாமல் வாசிக்க முடிந்தன. கீழிருந்து பார்த்த நாட்களில் ஒச்சப்பன் அந்த எழுத்துகளை ஒருமுறைகூட வாசித்ததில்லை என்பது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது. வாய்க்குள் வாசித்தார். பாதியில் நிறுத்தினார்.

“இங்க யாரு டீச்சரே உக்காருவா?”

“ஒன்பதாம் கிளாஸ் முழுக்க இங்கதான். செல்வலட்சுமியோட ஸ்தலம் அந்த ஜன்னல் பெஞ்சு.”

ஒச்சப்பன் பெஞ்சைப் பார்த்தார். யாரோ காம்பஸால் அதில் ஒரு கிரீடம் கீறியிருந்தார்கள். நன்றாகவே கீறியிருந்தார்கள்.

“நீங்க இதப் பாத்தீங்களா டீச்சரே? இத்தன நாளும்?”

“பார்த்தேன்.”

“சொல்லியிருக்கலாமே.”

மஞ்சுஷா டீச்சர் அறிக்கையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“முதல்ல பிள்ளைகள் அதை பர்த்டேன்னு நெனச்சிருந்தாங்க. நான்தான் ஒருநாள், இந்த வயசுப் பிள்ளைகளுக்காக ஒரு கிளாஸ் எடுத்தேன். இதுல நாணிக்க ஒண்ணும் இல்லைன்னு சொல்லிக் கொடுக்கத்தான். சில ஊர்ல இதைப் படம் அடிச்சு விழாவாகக்கூட கொண்டாடுவாங்கன்னு சொல்லிட்டேன். பெயர் எதுவும் சொல்லலை. அத்தனை தலையும் ஒண்ணா அவ பக்கம் திரும்பினது.”

“ஓ.”

“பின்ன ஒண்ணும் பேச எனக்கு தைரியம் வரலை. உங்க ஆசாரம், நான் அதுல கையிடக்கூடாதுன்னு நெனச்சேன்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஒருவர் மகளைக் கொண்டாடியவர், ஒருவர் அவளுக்கு வெட்கப்படாதே என்று கற்றுக்கொடுத்தவர். இருவருக்கும் இப்போது தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டம்ளரைப் பற்றிய பேச்சு அதோடு விட்டுப்போனது. அறிக்கையை மறுக்கவேண்டும் என்ற எண்ணமும் ஒச்சப்பனுக்குப் போய்விட்டது. அதில் எழுதியிருந்தது தப்பு. ஆனால் எழுதாமல் விட்டது அதைவிட மோசம் என்று அவருக்குப் பட்டது.

கீழே இறங்கிப் போய்க் கூரைக்கயிற்றை அவிழ்த்தார். தேங்கிய தண்ணீர் மொத்தமும் அன்னாசி ஜாடியிலும் அவர் தலையிலுமாகக் கொட்டியது. சாப்பாட்டுக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பிவந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பையன், “சேட்டா, ராணி எங்கோட்டு?” என்று கேட்டான். வழக்கமாக ஒச்சப்பன் சிரித்திருப்பார். அன்றைக்குக் காதில் விழாதவர்போலப் பிளெக்ஸை முகம் உள்ளே இருக்கும்படி சுருட்டினார். ஈரத்தில் அது சரியாகச் சுருளவில்லை. முத்துவேலின் கறுப்புக் கண்ணாடி மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

வீட்டில் பேச்சி சாமியாடினாள்.

“எங்கண்ணன் மொகத்தச் சுருட்டிப் பரண்ல போடுறீகளா? சீர் செஞ்சவன் மொகத்த?”

“பேச்சி, அது புள்ள படிக்கிற ஜன்னலுக்கு நேரா இருந்துச்சு.”

“இருந்தா என்ன? நல்ல விசேஷம்தான?”

“நல்ல விசேஷந்தான். ஒன் விசேஷத்துக்கு இப்படி ஒண்ணு அடிச்சு, நீ வேல பாக்குற ஹோம்ஸ்டே வாசல்ல கட்டியிருந்தா, நீ உள்ள போவியா?”

பேச்சி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “கிழிக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னாள். “கிழிக்கல” என்றார் ஒச்சப்பன்.

மகளிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. செல்வலட்சுமி சுவரைப் பார்த்து உட்கார்ந்து மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள், ஓர் அறை வீட்டில் கேட்காமல் எப்படி இருக்கமுடியும்? ஒச்சப்பன் வாசல்படியில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அப்படித்தான் அவரால் பேசமுடிந்தது.

“மாங்கா எல்லாம் நீதான் வெட்டுனியா?”

கத்தி தொடர்ந்து வெட்டியது.

“ஒங்கம்மான்னு நெனச்சேன்.”

“அம்மா நீங்கன்னு நெனச்சாங்க” என்றாள் சுவரிடம்.

“ஜன்னல்லருந்து பாத்தேன் இன்னக்கி.”

கத்தி வைக்கும் சத்தம் கேட்டது. அப்பாவுக்கு வெட்கம், மகளுக்கு வெட்கம். அந்தச் சின்ன வீட்டில் இரண்டுக்கும் இடம் போதவில்லை.

“நாளையிலருந்து வண்டி அந்தப் பக்கம் வராது. தோப்பும்படியில நிக்கிறேன். ஹார்பர் ஆளுங்க நல்லா வாங்குவாங்க.”

“டீச்சர் கூட வரச் சொன்னாங்கள்ல?”

“சொன்னாங்க. நான் வரல.”

“மழைக்கு என்ன கட்டுவீங்க?”

“தார்ப்பாய் வாங்கிக்கிறேன். நீலக் கலரு. படம் இல்லாதது.”

அவள் சிரித்தாளா என்று அவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் செல்வலட்சுமி தனியாகப் போனாள். கிண்டல் உடனே நின்றுவிடவில்லை. மகாராணி இன்றைக்கு நடந்தே எழுந்தருளினாள் என்றார்கள். ஒருநாள் பாதியில் திரும்பி வந்தாள். அதற்கு மறுநாள் மறுபடி போனாள். மஞ்சுஷா டீச்சர் அவளைத் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டார். வகுப்பு முழுவதற்கும் தெரியும்படி கேட்கவில்லை. அந்தமட்டுக்கு டீச்சரும் கற்றுக்கொண்டிருந்தார். பெஞ்சும் மாற்றிக் கொடுத்தார். ஓணம் விடுமுறைக்குள் வேறொரு பையனின் அப்பா கல்யாண வீட்டில் ஆடிய ஆட்டம் போனில் பரவியது. வகுப்பு முழுவதும் அவன்மேல் திரும்பி, செல்வலட்சுமியை மறந்தது. அவளும் அவனைப் பார்த்துச் சிரித்தாளாம். பேச்சி சொன்னாள்.

முத்துவேல் உசிலம்பட்டியிலிருந்து இடையிடையே போன் செய்தார். கொச்சியில் தன் முகம் தினமும் ஊர்வலம் போகிறது என்று அங்கே எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

“மாப்ள, பிளெக்ஸு சாயம் போகாம இருக்குல்ல?”

“புதுசு மாதிரி இருக்கு மச்சான்” என்பார் ஒச்சப்பன். பரணில் இருந்ததால் அது உண்மையும்கூட.

தோப்பும்படியில் வியாபாரம் மந்தம். மீன் இறக்குகிறவர்களுக்கு நெல்லிக்காயைவிடச் சாயாதான் பிடிக்கிறது. தங்கப்பன் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது நீலத் தார்ப்பாயை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “எலெக்‌ஷன் தோத்துப்போச்சோ?” என்று கேட்டார். “வேட்பாளர் வாபஸ் சேட்டா” என்றார் ஒச்சப்பன். மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் டம்ளரிலிருந்து மிளகாய்த்தூள் எடுத்து அவருக்கு மாங்காயில் தூவிக் கொடுத்தார்.

கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு முன்னால் பள்ளி மேலிடத்துக்கு ஒரு புதிய அறிக்கை அனுப்பியது. அதை எழுதியது மஞ்சுஷா டீச்சர் அல்ல, தலைமையாசிரியரின் அலுவலகம். ஆலோசனை வழங்கப்பட்டதன் பயனாக மாணவியின் தந்தை விழிப்புணர்வு பெற்றார் என்றும், தினமும் மகளுடன் பள்ளிவரை வந்து ஒத்துழைப்பதால் வருகை திருப்திகரமாக உள்ளது என்றும் அதில் இருந்தது.

ஒச்சப்பன் செய்தது பிளெக்ஸைக் கழற்றியதுதான். அதன்பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை.